பிடி மாறினால் ஜீரோவும் மாறும்: ஓபன் சைட் ரைபிளை ஜீரோ செய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரைபிளை மேசைமேல் மணல்பையில் வைத்து, பெல்லட்டுகள் (ஏர் ரைபிளில் இடும் சிறு ஈயக் குண்டுகள்) டார்கெட்டின் நடுவில் விழும்வரை குறிகளை (சைட்டுகளை) சரிசெய்துவிட்டு, பிறகு எழுந்து நின்று சுட்டால் அதே பெல்லட்டுகள் வேறோர் இடத்தில் போய் விழுவதைப் புதிதாகப் பழகுபவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். உடனே திருப்புளியை எடுத்துப் பின்குறியைத் திருப்பத் தொடங்குகிறார்கள்; மறுநாள் திரும்ப மேசையில் வைத்துச் சுட்டுப் பார்த்து, ரைபிள் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலும் ரைபிளில் பழுது ஏதும் இருப்பதில்லை. ஜீரோ, அதாவது தோட்டா வேண்டிய இடத்தில் விழும்படி குறிகள் அமைந்திருப்பது, ரைபிளுக்கு மட்டும் உரிய பண்பு அன்று. ரைபிள், அதில் இடும் தோட்டா, சுடுபவரின் பிடி, ரைபிளைத் தாங்கும் பொருள் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு நிலைக்கு உரிய பண்பு அது. இவற்றில் ஒன்று மாறினாலும், தோட்டா போய்ச் சேரும் இடம் மாறக்கூடும். எந்த நிலையில் சுடப்போகிறோமோ அந்த நிலையிலேயே ஜீரோ செய்ய வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களின் ரைபிள் கிளப்புகளில் சேருபவர்கள் பெரும்பாலும் 10 மீட்டர் தூரத்தில் 4.5 மி.மீ. ஏர் ரைபிளில்தான் பழகத் தொடங்குகிறார்கள். அதிலும் ஸ்பிரிங் பிஸ்டனால் இயங்கும் ஓபன் சைட் (முன்குறியும் பள்ளமுள்ள பின்குறியும் மட்டுமே கொண்ட) ஏர் ரைபிளே பலருக்கு முதல் ரைபிளாக அமைகிறது. பிடியின் விளைவு மிகத் தெளிவாகத் தெரிவதும் அந்த வகையில்தான் என்பதால், இக்கட்டுரை முதலில் அதை எடுத்துக்கொண்டு, பிறகு படுத்துச் சுடும் .22 ரைபிளுக்குச் செல்கிறது.

பாதுகாப்பு விதிகளை உங்கள் ரேஞ்ச் அதிகாரி விளக்கியிருப்பார். ஜீரோ செய்யும்போது தளர்ந்துவிடக்கூடிய சிலவற்றை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன். குறியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ரைபிளில் பெல்லட் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குழலின் வாய் டார்கெட்டின் பக்கமே இருக்கும்படி கீழே வைத்த பிறகுதான் திருப்புளியைத் தொட வேண்டும். குழலை மடக்கி ஏற்றும் ஏர் ரைபிளில் பெல்லட் இடும்போது மற்றொரு கை குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். டிரிகர் தவறி விழுந்தால் குழல் விரலை நசுக்கிவிடும். ஈயப் பெல்லட் உலோகத்தில் பட்டுத் தெறித்துத் திரும்பி வரும் என்பதால் கண்ணாடி அணிய வேண்டும். சுட்டு முடித்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

தோட்டா வெளியேறும் முன்பே நடப்பது

டிரிகரை இழுத்த கணத்திலேயே தோட்டா குழலைவிட்டுப் போய்விடுவதில்லை. ஸ்பிரிங் ஏர் ரைபிளில் டிரிகர் விடுபட்டதும் கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. அதன் எதிர்விளைவாக ரைபிள் முழுவதும் பின்னோக்கி நகர்கிறது. பிஸ்டன் தன் பயணத்தின் முடிவை நெருங்கி, காற்று போதிய அளவு அழுந்திய பிறகே பெல்லட் நகரத் தொடங்குகிறது. அதே நேரத்தில் பிஸ்டன் முன்சுவரை நெருங்கி வேகம் இழப்பதால் ரைபிள் முன்பக்கமாக உதறப்படுகிறது. ஆக, பெல்லட் குழலுக்குள் இருக்கும்போதே ரைபிள் முதலில் பின்னும் பிறகு முன்னும் அசைந்துவிடுகிறது. அந்த அசைவு எந்தத் திசையில் எவ்வளவு செல்லும் என்பதைத் தீர்மானிப்பவை உங்கள் கை, தோள், கன்னம், ரைபிளின் கீழே இருக்கும் முட்டு ஆகியவையே. இறுக்கிப் பிடித்தால் ஒருவிதமாகவும், தளர்வாகப் பிடித்தால் வேறுவிதமாகவும் குழலின் வாய் நகரும். பெல்லட் வெளியேறும் கணத்தில் அது எங்கே நோக்கியிருக்கிறதோ அங்கேதான் பெல்லட் செல்லும்.

வெடிமருந்துத் தோட்டாவைச் சுடும் .22 ரைபிளில் இந்த அசைவு குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. அதன் குண்டு குழலைக் கடக்க ஏறக்குறைய 2 முதல் 3 மில்லி நொடி ஆகிறது. அந்த நேரத்துக்குள் பின்னுதைப்பு தொடங்கிவிடுகிறது. குழலும் அதிர்ந்து நுண்ணிய அளவில் வளைகிறது. அழுத்திய காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் நிரப்பி வைத்துச் சுடும் போட்டி ஏர் ரைபிள்களில் அசைவு மிகக் குறைவு என்பதால், அவற்றில் பிடியின் தவறுகள் ஓரளவு மன்னிக்கப்படுகின்றன. ஸ்பிரிங் ரைபிள் எதையும் மன்னிப்பதில்லை. தொடக்கத்தில் அதில் பழகுவது நல்லது என்று நான் கருதுவதும் அதனால்தான்.

முட்டு பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேசை விளிம்பு, மரக்கட்டை, சுவர் போன்ற கடினமான பொருளின்மேல் ரைபிளை நேரடியாக வைத்துச் சுட்டால், ரைபிள் அதைத் தட்டி எதிர்த்திசையில் துள்ளும். முட்டு கீழே இருந்தால் தோட்டா பெரும்பாலும் மேலே போகும்; ரைபிளைப் பக்கவாட்டில் தூணோடு அழுத்தியிருந்தால் தூணுக்கு எதிர்ப்பக்கம் போகும். அதிலும் குழலையே முட்டின்மேல் வைப்பதுதான் மிக மோசமானது. ரைபிளின் கட்டையை (குழல் பொருந்தியிருக்கும் உடல்பகுதியை) தாங்குவதற்கும் குழலைத் தாங்குவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. குழலைத் தாங்கினால் அதன் அதிர்வு முறையே மாறிவிடும்.

தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் கட்டையின் திருகுகளையும் குறிகளின் திருகுகளையும் பாருங்கள். ஸ்பிரிங் ரைபிளின் அதிர்வில் முன்கட்டைத் திருகுகள் தளர்வது வழக்கம். தளர்ந்த திருகோடு எவ்வளவு நேரம் ஜீரோ செய்தாலும் அது வீண்தான். குழலை மடக்கி ஏற்றும் வகை என்றால், மூடியபின் குழல் ஆடுகிறதா என்று மெதுவாக அசைத்துப் பாருங்கள். இத்தகைய பல ரைபிள்களில் பின்குறி குழலோடு சேர்ந்த பகுதியின்மேலேயே பொருத்தப்பட்டிருக்கும். இரண்டு குறிகளும் குழலோடு ஒன்றாக நகர்வதால், மூடும்போது ஏற்படும் சிறு வேறுபாடு ஓபன் சைட்டை அவ்வளவாகப் பாதிக்காது.

ஒரே பெட்டியின் பெல்லட்டுகளையே தொடக்கம் முதல் முடிவுவரை பயன்படுத்துங்கள். எடையும் தலையின் அளவும் மாறினால் விழும் இடமும் மாறும். பெல்லட் இல்லாமல் ஸ்பிரிங் ரைபிளைச் சுட்டுப் பார்க்கக் கூடாது. காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் வேகமாக மோதி அதன் சீல் கெடும்.

பின்குறியை அதன் நகர்வு எல்லையின் நடுவில் வையுங்கள். முன்குறியின்மேல் பளபளப்பு இருந்தால் கருமையாக்குங்கள். ஒருபக்கமாக வெயில் படும் முன்குறியில் ஒளிபட்ட விளிம்பு மட்டும் கண்ணில் பட்டு, குறி அந்தப் பக்கமோ எதிர்ப்பக்கமோ நகர்ந்ததுபோல் தோன்றும். இதற்குத் தனியாக ஸ்ப்ரே கிடைக்கிறது. பழைய முறை கற்பூரப் புகையில் காட்டுவது. அதன் கரி மெல்லியதாக, ஒளியைத் திருப்பாத கருமையாகப் படியும். உலோகக் குறிக்கு மட்டும் இது பொருந்தும். பெல்லட்டும் எண்ணெயும் அருகில் இல்லாத இடத்தில், ரைபிள் காலியாக இருப்பதை உறுதி செய்த பிறகே செய்ய வேண்டும்.

எங்கே குறிவைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. விட்டம் உடையது. பட்டையான முன்குறி உள்ளவர்கள் அந்த வட்டத்தின் அடியில், இடையே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும்படி குறியை நிறுத்துவது வழக்கம். கறுப்பின்மேல் கறுப்புக் குறியை வைத்தால் விளிம்பு தெரியாது என்பதே இதற்குக் காரணம். இப்படிக் குறிவைத்து ஜீரோ செய்தால், பெல்லட் குறிவைத்த இடத்துக்கு ஏறத்தாழ 15 மி.மீ. மேலே, வட்டத்தின் நடுவில் விழும். இன்று அடியில் குறிவைத்து ஜீரோ செய்துவிட்டு நாளை வட்டத்தின் நடுவில் குறிவைத்தால், அந்த 15 மி.மீ. முழுவதும் பிழையாகத் தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதை மாற்றாதீர்கள்.

கண்ணின் கவனம் முன்குறியின்மேல் இருக்க வேண்டும். டார்கெட் சற்று மங்கலாகத் தெரிவதே சரி. பின்குறியின் பள்ளத்தில் முன்குறியின் இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். மேல்விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதில் ஏற்படும் பிழை எவ்வளவு பெரிதாகும் என்பதை ஒரு கணக்கு காட்டும். இரு குறிகளுக்கும் இடையே 45 செ.மீ. இருக்கும் ரைபிளில், முன்குறி பள்ளத்தின் நடுவிலிருந்து அரை மி.மீ. விலகினால் 10 மீட்டரில் பெல்லட் சுமார் 11 மி.மீ. விலகும். அந்த டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே 2.5 மி.மீ. மட்டுமே உள்ளது. முழு ரைபிளும் அரை மி.மீ. இணையாக நகர்ந்தால் பெல்லட்டும் அந்த அரை மி.மீ. மட்டுமே நகரும். ஆகவே டார்கெட்டில் குறி சற்றே மிதப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இரு குறிகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதுதான் முக்கியம்.

ரைபிள் பக்கவாட்டில் சாய்வதையும் இங்கேயே கவனிக்க வேண்டும். வலப்புறம் சாய்த்தால் தோட்டா வலப்புறமும் சற்றுக் கீழும் விழும். கறுப்பு வட்டத்தின் அடியில் குறிவைத்து ஜீரோ செய்த, நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் சுடும் ஏர் ரைபிளை 5 டிகிரி சாய்த்தால், 10 மீட்டரில் பக்கவாட்டு விலகல் ஏறத்தாழ 3 மி.மீ. ஆகும்; அது ஒரு வளையத்துக்கும் மேல். சாய்த்துப் பிடிப்பதே தவறென்று சொல்ல முடியாது. பல சிறந்த வீரர்கள் உடலுக்கு வசதியாகச் சற்றே சாய்த்துப் பிடிப்பதுண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சாய்ப்பதே தேவை.

முட்டின்மேல் முதல் குரூப்

ஜீரோ செய்யும் வேலையின் முதல் பகுதிக்கு மட்டும் முட்டு உதவும். நின்றுகொண்டு தொடங்கினால், பெல்லட் டார்கெட் தாளுக்கு வெளியே போவது குறியின் தவறா உங்கள் தவறா என்று தெரியாமல் போகும். ஆகவே மேசைமுன் அமர்ந்து, மணல்பையின்மேல் உங்கள் இடது கையை வைத்து, திறந்த உள்ளங்கையின்மேல் முன்கட்டையைக் கிடத்துங்கள். ரைபிள் பையைத் தொடக் கூடாது. கை மட்டுமே தொட வேண்டும். விரல்கள் கட்டையைச் சுற்றி மூடாமல் தளர்ந்திருக்கட்டும். வலது கை டிரிகரை இழுக்கத் தேவையான அளவு மட்டும் பிடிக்கட்டும். ரைபிளின் பின்முனையை (பட்) தோளோடு அழுத்தி இழுக்காதீர்கள். ரைபிள் தான் விரும்பிய வழியில் பின்னே போய் முன்னே வரட்டும் என்று விட்டுவிடும் பிடி இது. இடக்கையால் சுடுபவர்கள் இந்தக் கட்டுரை முழுவதும் இடது, வலதை மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

ஐந்து பெல்லட்டுகளைச் சுடுங்கள்; ஒரே குறியில் சுட்ட இந்தத் துளைகளின் தொகுப்பே குரூப். இடையில் குறியைத் தொடாதீர்கள். முதல் பெல்லட் எங்கே விழுந்தாலும், நடுவில் ஒன்று தனியாக விலகினாலும், ஐந்தும் முடியும்வரை காத்திருங்கள். அந்த ஐந்தின் நடுப்புள்ளி டார்கெட்டின் நடுவிலிருந்து வெகுதூரம் இருந்தால் மட்டும் பின்குறியைத் தோராயமாகத் திருப்பி, பெல்லட்டுகளைக் கறுப்பு வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். நுட்பமாகச் சரிசெய்ய இது இடமில்லை.

இந்த அமர்வில் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. புதியவர்கள் பலரும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். அதே மேசையில், அதே குறியோடு, இடது கையை டிரிகர் காப்புக்கு அருகில் வைத்து ஐந்தும், பிறகு முன்கட்டையின் நுனிக்கு அருகில் வைத்து ஐந்தும் சுடுங்கள். அடுத்து கையை எடுத்துவிட்டு ரைபிளை நேரடியாக மணல்பையின்மேல் வைத்து ஐந்து சுடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுட்டு, ஓரத்தில் எப்படிச் சுட்டது என்று எழுதிவையுங்கள். மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், குரூப்பின் அளவு மாறியிருப்பதோடு அதன் இடமும் நகர்ந்திருப்பது தெரியும். எந்த இடத்தில் கை இருந்தபோது குரூப் மிகச் சிறியதாக வந்ததோ, அந்த இடத்தில் கட்டையின்மேல் ஒரு சிறு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். இனி கை எப்போதும் அங்கேயே வர வேண்டும்.

பிடியை நிலைப்படுத்துதல்

அடுத்த வேலை நீங்கள் உண்மையில் சுடப்போகும் நிலைக்குப் போவது. 10 மீட்டர் போட்டி நின்று சுடுவது. ஸ்லிங் (கையில் கட்டி ரைபிளைத் தாங்கும் வார்) அணிய அனுமதி இல்லை. இடது முழங்கையை விலாவிலோ இடுப்பெலும்பிலோ ஊன்றி, ரைபிளின் எடையைத் தசையால் தூக்காமல் எலும்பின்மேல் இறக்க வேண்டும். தசை களைத்துவிடும், களைத்த தசை பத்தாவது பெல்லட்டில் ரைபிளை வேறு விதமாகப் பிடிக்கும். எலும்பு களைப்பதில்லை.

உடலோடு ரைபிள் தொடும் இடங்கள் நான்கு: இடது உள்ளங்கை, வலது கை, தோள், கன்னம். இவற்றில் புதியவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பது கன்னத்தைத்தான். கன்னம் கட்டையில் ஒரு விரல் அளவு முன்னே போனால் கண் பின்குறிக்கு நெருங்குகிறது, பள்ளத்தில் தெரியும் வெளிச்சத்தின் அளவு மாறுகிறது. கன்னத்தை அழுத்தினால் ரைபிள் மறுபுறம் தள்ளப்படுகிறது. பெல்லட் வெளியேறும் கணத்தில் அந்தத் தள்ளலும் சேர்ந்துகொள்கிறது. தலையைக் கட்டையின்மேல் அதன் சொந்த எடையில் வைத்துவிட்டு, கழுத்தைத் தளர்த்துவது சரியான வழி. பட் தோளில் எந்த உயரத்தில் அமர்கிறது என்பதும் இதோடு தொடர்புடையது. பட் மேலே ஏறினால் தலை நிமிரும், கீழே இறங்கினால் தலை குனியும். சட்டையின் தையலையோ ஜாக்கெட்டின் ஒட்டுத்தோலையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, பட்டை ஒவ்வொரு முறையும் அங்கேயே அமர்த்துங்கள். இன்று தடித்த ஜாக்கெட்டோடு ஜீரோ செய்துவிட்டு, நாளை வெறும் டி-ஷர்ட்டில் சுட்டால் பிடி மாறியதாகவே பொருள்.

வலது கையின் இறுக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கையை இறுக்கிக்கொண்டே டிரிகரை இழுப்பவர்களின் பெல்லட்டுகள் பக்கவாட்டில் சிதறும். விரலின் நுனிப் பகுதியால், நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். பெல்லட் போன பிறகும் ஓரிரு நொடிகள் குறியையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பது, சுட்டவுடன் தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தைத் தடுக்கும். பெல்லட் குழலுக்குள் இருக்கும் நேரம் ஸ்பிரிங் ரைபிளில் நீளமானது என்பதால், அவசரமாகத் தலையைத் தூக்குபவருக்கு அந்த அசைவே குறியைக் கெடுத்துவிடும்.

பிறகு உடல் இயல்பாக எங்கே நோக்குகிறது என்பதைச் சோதிக்க வேண்டும். குறிவைத்துவிட்டுக் கண்களை மூடுங்கள்; இரண்டு முறை மூச்சை இழுத்து விட்டு, உடலைத் தளர்த்தி, மூச்சு பாதி வெளியேறிய நிலையில் கண்களைத் திறந்து பாருங்கள். குறி டார்கெட்டின் இடப்பக்கம் போயிருந்தால், கையால் இழுத்து நேர்செய்யாதீர்கள். கால்களைச் சற்றே நகர்த்தி உடல் முழுவதையும் திருப்புங்கள். மேலோ கீழோ போயிருந்தால் கால்களின் இடைவெளியையோ இடது கையின் உயரத்தையோ மாற்றுங்கள். கையால் இழுத்துப் பிடித்துச் சுட்டால், டிரிகர் விடுபட்ட கணத்தில் தசை தளர்ந்து ரைபிள் தன் இயல்பான இடத்துக்குத் திரும்பும். பெல்லட்டும் அந்தப் பக்கமே போகும். அந்தப் பிழையைப் பின்குறியில் திருத்தினால், நாளை கால்கள் சரியாக நிற்கும் நாளில் குறி தவறாகிவிடும்.

குரூப்பைப் படிப்பது

இப்போது நின்ற நிலையிலேயே, இடம் மாறாமல் ஐந்து சுடுங்கள். பிறகு ரைபிளைக் கீழே வைத்து, நகர்ந்து, தண்ணீர் குடித்து, திரும்ப வந்து, முதலிலிருந்து நிலையை அமைத்து, புதிய தாளில் இன்னும் ஐந்து சுடுங்கள். இரண்டு குரூப்புகளின் நடுப்புள்ளிகளும் அருகருகே வந்தால் உங்கள் பிடி நிலைபெறத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு குரூப்பும் சிறியதாக இருந்தும் இரண்டும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிலையை அமைக்கிறீர்கள் என்று பொருள். இந்த நிலையில் பின்குறியைத் தொடுவது பயனற்றது. முந்தைய பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

மேலும் கீழுமாக நீண்ட குரூப், மூச்சைப் பிடிக்கும் இடம் மாறுவதையோ கன்னத்தின் அழுத்தம் மாறுவதையோ காட்டும். பக்கவாட்டில் நீண்டது டிரிகரையும் வலது கையையும் காட்டும். குரூப் சிறியதாக, வட்டமாக, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்து, அந்த இடம் மட்டும் தவறாக இருந்தால், அப்போதுதான் அது குறியின் தவறு.

எவ்வளவு சுட்டால் போதும் என்ற கேள்விக்கும் கணக்கு உதவும். உங்கள் பெல்லட்டுகள் நடுப்புள்ளியிலிருந்து ஒரு திசையில் சராசரியாக 6 மி.மீ. அளவுக்குச் சிதறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பெல்லட்டுகளின் நடுப்புள்ளியே அதிர்ஷ்டவசத்தால் இரண்டரை முதல் மூன்று மி.மீ. வரை அங்குமிங்கும் தள்ளி விழலாம். ஆகவே நடுப்புள்ளி 2 மி.மீ. விலகியிருப்பதைக் கண்டு குறியைத் திருப்பினால், இல்லாத பிழையைத் திருத்தியவர்களாவோம். இரண்டு குரூப்புகளைச் சேர்த்துப் பத்து பெல்லட்டுகளின் நடுவைக் கணக்கிடுவது மேலானது. ஒவ்வொரு பெல்லட்டுக்கும் பின்னால் திருப்புளியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களுக்கு ஜீரோ ஒருபோதும் அமையாது.

பின்குறியைத் திருப்புதல்

பின்குறியை, பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். முன்குறியை நகர்த்தும் வசதி இருந்தால் அதை எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு இது: டார்கெட்டில் திருத்த வேண்டிய அளவை இரு குறிகளுக்கும் இடையேயான நீளத்தால் பெருக்கி, டார்கெட்டின் தூரத்தால் வகுக்க வேண்டும். பத்து பெல்லட்டுகளின் நடு 12 மி.மீ. கீழும் 8 மி.மீ. வலமும் இருக்கிறது, குறிகளுக்கு இடையே 450 மி.மீ. இருக்கிறது என்றால், பின்குறி 0.54 மி.மீ. உயர வேண்டும், 0.36 மி.மீ. இடப்புறம் நகர வேண்டும். திருகில் கிளிக் இருந்தால், ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்துகிறது என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்: இருபது கிளிக் ஒருபுறம் திருப்பி ஒரு குரூப் சுட்டு, இரண்டு நடுப்புள்ளிகளின் இடைவெளியை இருபதால் வகுத்தால் போதும். மலிவான குறிகளில் திருகுக்கும் பள்ளத்துக்கும் இடையே சற்றுத் தளர்வு இருக்கும் என்பதால், எப்போதும் ஒரே திசையில் திருப்பி முடிப்பது நல்லது. கூடுதலாகத் திருப்பிவிட்டால், நன்றாகப் பின்னே கொண்டுபோய்த் திரும்ப அதே திசையில் வாருங்கள்.

உயரத்தையும் பக்கவாட்டையும் ஒரே நேரத்தில் திருப்பலாம். திருப்பியபின் இரண்டு பெல்லட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டு, அதன் பிறகு குரூப் சுடுங்கள். திருகு தன் இடத்தில் அமர அது உதவும்.

.22 ரைபிளும் ஸ்லிங்கும்

என்.சி.சி. முகாமில் .22 ரைபிளைப் படுத்துச் சுட்டவர்களுக்கு முட்டும் பிடியும் புதியவை அல்ல. போட்டியில் 50 மீட்டரில் படுத்துச் சுடும்போது மணல்பைக்கு அனுமதி இல்லை. இடது முழங்கையும் அதன்மேல் கட்டிய ஸ்லிங்குமே முட்டு. கிடைமட்டத்தோடு இடது முன்கை அமைக்கும் கோணம் 30 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. 50 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளிக்கான வளையம் 10.4 மி.மீ. விட்டம் உடையது.

இங்கே பிடியின் பெரும்பகுதியை ஸ்லிங் எடுத்துக்கொள்கிறது. மேற்கையில் கட்டிய ஸ்லிங் முன்கட்டையைப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும், வலக்கையால் சுடுபவருக்கு இடப்புறமாகவும் இழுக்கிறது. கட்டை குழலைத் தொடும்படி அமைந்த ரைபிள்களில், அந்த இழுப்பு கட்டை வழியே குழலையே வளைத்துக் குண்டு விழும் இடத்தை மாற்றிவிடும். கட்டை தொடாமல் குழல் தனியாக நிற்கும் ரைபிள்களில் விளைவு குறைவு. ஆகவே மணல்பையில் ஜீரோ செய்த .22 ரைபிள், ஸ்லிங்கை இறுக்கியதும் வேறிடத்தில் சுட்டால் வியப்பில்லை. ஸ்லிங்கின் எந்தத் துளையில் கொக்கி இருந்தது, முன்கட்டையில் கை நிறுத்தி (கை முன்னே நகராமல் தடுக்கும் பாகம்) எந்த எண்ணில் இருந்தது என்று எழுதிவையுங்கள். ஒரு துளை இறுக்கினால் குரூப் எவ்வளவு நகர்கிறது என்று ஒருமுறையாவது சுட்டுப் பாருங்கள்.

படுத்து ஜீரோ செய்த ரைபிள் நின்று சுடும்போது அதே இடத்தில் சுடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில், வீரர்கள் முழந்தாளிட்டும், படுத்தும், நின்றும் சுடுகிறார்கள். நிலை மாறும்போது அவர்கள் பட்டின் நீளத்தையும், கன்னம் வைக்கும் தட்டையும், ஸ்லிங்கையும் மாற்றுவதோடு குறியின் கிளிக்குகளையும் மாற்றி, சோதனைக் குண்டுகளைச் சுட்டு உறுதிசெய்த பின்பே கணக்கில் சேரும் குண்டுகளைச் சுடுகிறார்கள். இவ்வளவு தேர்ந்தவர்களே நிலைக்கு ஒரு ஜீரோ வைத்துக்கொள்ளும்போது, புதியவர்கள் எல்லா நிலைகளுக்கும் ஒரே எண்ணைத் தேடி அலைவது தேவையற்ற வேலை.

பழைய ராணுவ ரைபிள்களிலும் இதே இயக்கம்தான். பயனெட் (குழல் முனையில் மாட்டும் கத்தி) பொருத்தியபடியே மோசின் நாகாந்த் ரைபிளை ஜீரோ செய்யும் வழக்கம் ரஷ்யப் படையில் இருந்தது. பயனெட்டைக் கழற்றினால் குண்டு விழும் இடம் நகரும். குழலின் வாயில் நேரடியாகப் பொருத்தும் ஊசி பயனெட்டை உடைய லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைபிளிலும் இந்த நகர்வு உண்டு. குழலில் எதைத் தொங்கவிட்டாலும், அதன் அதிர்வு மாறும்.

குறிப்பேடு

ஜீரோ அமைந்ததும், குறியின் நிலையைத் திருகின்மேல் ஒரு சிறு கோடிட்டு அடையாளமிடுங்கள். பிறகு ஒரு நோட்டில் தேதி, தூரம், பெல்லட்டின் பெயர், பின்குறியின் நிலை, இடது கையின் இடம், ஜாக்கெட் அணிந்திருந்தீர்களா என்பது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, முட்டா நிலையா என்பது ஆகியவற்றை எழுதுங்கள். மேசையிலும் நின்றும் சுட்ட குரூப்புகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். "மேசையில் 6 மி.மீ. மேலே, 2 மி.மீ. இடம்" என்பதுபோன்ற ஒரு வரி இருந்தால், பின்னொரு நாள் ரைபிளின்மேல் ஐயம் எழும்போது மேசையில் ஐந்து பெல்லட்டுகளைச் சுட்டுப் பார்த்தே, பழுது ரைபிளிலா பிடியிலா என்று பிரித்துவிடலாம். மேசைக் குரூப் பழைய இடத்திலேயே விழுந்து நின்ற குரூப் மட்டும் நகர்ந்திருந்தால், திருப்புளியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுக் கால்களையும் கன்னத்தையும் சரிபாருங்கள். இரண்டும் ஒரே திசையில், ஒரே அளவு நகர்ந்திருந்தால், முதலில் கட்டைத் திருகுகளையும், பிறகு பெல்லட் பெட்டியையும், கடைசியாகக் குறியையும் பாருங்கள்.